நான்காவது அலசல்

இந்த வட்டாரத்தில் ஆட்டு இருதயச் செல்களை அதிகம் கொன்றவர் யார் என்று கேட்டால் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும். கறிக்கடை ராவுத்தர்கூட எனக்குப் பின்னால்தான் வருவார். அவர் ஆட்டைத்தான் கொன்றார். ஆடு செத்த பிறகும் உயிரோடு இருந்த செல்லைக் கொன்றவள் நான். அதற்குக் கத்தியோ விஷமோ எனக்குத் தேவைப்படவில்லை. வெறும் சுத்தத்தாலேயே கொன்றேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். அவசரம் உள்ளவர்கள் எழுந்து போய்த் தங்கள் வேலையைப் பார்க்கலாம், எனக்கு வருத்தமில்லை. செல்லை எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

நடந்தது எழுபதுகளில். மலையாளத்துச் சித்தூருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, சோளக்காட்டுக்கும் கடலைக்காட்டுக்கும் நடுவில் ஓர் ஆராய்ச்சிக் கட்டடம். மூன்றே அறைகள். ஒன்றில் தவளைக்காரர்கள், ஒன்றில் மீன்காரர்கள், மூன்றாவதில் நாங்கள். நாங்கள் என்றால் மூன்று பேர். டாக்டரம்மா, அட்டெண்டர் வேலாயுதன், கண்ணாடி கழுவுகிற நான்.

டாக்டரம்மா அப்போது டாக்டர் ஆகியிருக்கவில்லை. ஆவதற்காகத்தான் அந்தப் பாடு பட்டுக்கொண்டிருந்தது. கல்பாத்தி அக்ரகாரத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையது. வெங்காயம்கூடச் சாப்பிடாது. ஆனால் காலையில் வந்து கத்தரிக்கோலை எடுத்தால் ஆட்டு இருதயத்தைக் கீரை நறுக்குவதுபோல் நறுக்கும். வீட்டில் கேட்டால் மருந்து ஆராய்ச்சி என்று சொல்லி வைத்திருந்தது. நானோ ஞாயிறு தவறாமல் கறி தின்கிறவள். ஆனால் வெள்ளிக்கிழமை கவுச்சியைக் கையால் தொடமாட்டேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் ஐயர் வீட்டுப் பெண் ரத்தத்தில் கையை விட்டுக்கொண்டிருக்கும். கறி தின்கிற நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு இருதயம் வாங்கி வருவதும் அன்றைக்கு வேண்டிய கண்ணாடியை அலசுவதும் வேலாயுதன் பொறுப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் நாளே டாக்டரம்மா என்னிடம் சொன்னது: "பொன்னாத்தா, கேட்டேளா, இந்த ரூம்ல வேற எது அழுக்கா இருந்தாலும் நான் பொறுத்துப்பேன். கண்ணாடி மட்டும் அழுக்கா இருக்கப்படாது."

"என்ற ஊட்டு ஏனம் பாத்திரத்த ஒருக்கா வந்து பாருங்க அம்மிணி. மொகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம்."

"அதைத்தான் பாக்கப்போறேனே."

பார்த்தது. ஒரு மாதத்தில், "பொன்னாத்தா கழுவினதைப் பத்தி சந்தேகமே வேண்டாம்" என்று பக்கத்து அறைத் தவளைக்காரர்களிடம்கூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நான் எவ்வளவு உயரம் வளர்ந்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? வாசலில் குனிந்துதான் நுழைந்தேன்.

ராவுத்தர் கடை கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தது. ஆடு விழுந்த கையோடு இருதயத்தை எடுத்து, டாக்டரம்மா கொடுத்த தண்ணீரில் போட்டு, வாய் அகன்ற தெர்மாஸில் ஐஸோடு வைத்துக் கொடுப்பார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அரை மணி நேரம். தாமதமானால் எல்லாம் வீண். அரிசி கடத்துகிறவர்கள் கூடையிலும் மடியிலும் குழந்தைத் தூளியிலும் வைத்துக் கொண்டுபோன காலம் அது. முதல் வாரமே செக்போஸ்ட்டுக்காரர் என் தெர்மாஸைத் தட்டினார்.

"எந்தா இதில்? அரியோ?"

"அரிசி இல்லீங்க. இருதயமுங்க."

"ஆருடெ?"

"என்றது இல்லீங்க. ஆட்டோடது."

மூடியைத் திறந்து பார்த்தவர் இரண்டடி பின்னால் போனார். எதற்கு என்று கேட்டார். உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு என்றேன். பொய்யில்லையே? அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண்டக்டரிடம் வண்டியை உடனே எடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு என் பஸ் வந்தாலே, "ஹார்ட்டு வந்நு, விடு விடு" என்று கட்டையைத் தூக்கிவிடுவார்கள். அரிசி கடத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தால் ஒரு மில்லையே கடத்தியிருக்கலாம்.

இருதயத்தை நறுக்கிய பிறகு என்ன நடக்கும் என்பதை எனக்கு டாக்டரம்மா சொன்ன மாதிரியே சொல்கிறேன். இருதயத் தசை ஒரு சுவர். செல் என்பது அதில் ஒரு செங்கல். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் சாந்து இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற ஒரு பொடி அந்தச் சாந்தை மட்டும் தின்னும். இளஞ்சூட்டில் வைத்து மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தால் சுவர் கரைந்து செங்கல் தனித்தனியாக வரும். உயிரோடு இருப்பது நீளமாக, மூலை மூலையாக, குறுக்கே கோடு போட்டு நிற்கும். செத்தது சுருண்டு உருண்டையாகிவிடும். அவ்வளவுதான் சயின்ஸ். அந்தப் பொடிச் சீசா என் கட்டை விரல் அளவு இருக்கும். அது வருவதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "தொடாதீங்கோ, கண்ணால மட்டும் பாருங்கோ" என்று என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னது. ஒரே ஒரு செங்கல், தனியாக, யாரும் கேட்காமலேயே சுருங்கி விரிந்தது. மறுபடியும் சுருங்கி விரிந்தது. ஆட்டின் மற்ற பாகமெல்லாம் அந்த நேரத்துக்கு எந்தெந்த வீட்டுக் குழம்பிலோ வெந்துகொண்டிருக்கும். இது இங்கே தனியாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே வந்து தவளைக்காரர்களிடம், "எங்க செல்லு அடிக்குது, உங்க தவள என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டுத்தான் மனசு ஆறியது.

சிக்கல் என்னவென்றால், அது வெள்ளிக்கிழமை மட்டுமே அடித்தது.

திங்கள் செத்தது. செவ்வாய் செத்தது. புதனும் வியாழனும் உருண்டை உருண்டையாக, கடுகு கொட்டினதுபோல் கிடந்தது. வெள்ளிக்கிழமை பத்துக்கு மூன்றோ நான்கோ செங்கல்லாக நிற்கும். டாக்டரம்மா எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தது. பொடியைக் கூட்டியது, குறைத்தது. சூட்டை மாற்றியது. வெள்ளிக்கிழமை வேலாயுதன் வாங்கி வருவதால் இருக்குமோ என்று திங்கட்கிழமையும் அவனையே அனுப்பியது. அப்போதும் செத்தது. ராவுத்தரிடம் வெள்ளிக்கிழமை ஆட்டுக்கு மட்டும் என்ன தீனி என்று கேட்டு வரச் சொன்னது. ராவுத்தர், "நான் ஜும்மாவுக்குப் போற அவசரத்துல வெட்டறன் தாயி, அதுக்கு மேல ஒண்ணுமில்ல" என்றார்.

ஏழு மாதத்தில் அது மாற்றாத ஒரே சங்கதி கழுவுவது. பொன்னாத்தா கழுவினதில்தான் சந்தேகமே வேண்டாமே.

கடைசியில் படிப்பு தோற்று நாள் கிழமை ஜெயித்தது. ராகுகாலம் பார்க்கிறவர்களைக் கேலி செய்த பெண், வெள்ளிக்கிழமை தோறும் ஒரே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. முக்கியமான வேலை எல்லாவற்றையும் வெள்ளிக்கு ஒதுக்கி வைத்தது.

"ஏனுங்க அம்மிணி, சயின்ஸுக்கு நாளு கெழம இல்லீன்னு சொன்னீங்க?"

"சித்த சும்மா இருங்கோ பொன்னாத்தா. நேக்கே வெட்கமாத்தான் இருக்கு."

நான் சும்மா இருக்கவில்லை. அம்மனுக்கு வெள்ளிக்கிழமை நான் ஏற்றுகிற கற்பூரம்தான் காரணம் என்று வேலாயுதனிடம் சொல்லி, அந்தப் பெருமையையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் கடிதம் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கமிட்டி, வருகிற புதன்கிழமை. எங்கள் கட்டடத்துத் தலைவர் பெரியசார் மலையாளி, நல்ல மனிதர். யாரிடமும் சண்டை போட மாட்டார், யாருக்காகவும் போட மாட்டார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "குட்டி, அவர்கள் வரும்போது உயிருள்ள செல்லைக் காட்டினால் ரூம் உனக்கு. இல்லாட்டா தவளைக்கு."

"சார், வெள்ளிக்கிழமை வரச் சொல்ல முடியாதா?"

"எந்தினா வெள்ளிக்கிழமை?"

பச்சைப் புடவை கட்டுகிற நாள் என்று சொல்ல முடியுமா? ஏழு மாத ஆராய்ச்சிக்கு அது பதிலாகுமா?

அவர் போன பிறகு டாக்டரம்மா தயிர்சாதப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது. "பம்பாய் மாப்பிள்ளை ஒருத்தரைப் பாத்து வெச்சிருக்கா பொன்னாத்தா. ஸ்காலர்ஷிப் நின்னுதுன்னா அப்பா ஒரு நாள்கூட பொறுக்க மாட்டார். இந்தச் செல் பிழைக்கலைன்னா நான் பம்பாய்க்குப் போய்த் தோசை வாக்க வேண்டியதுதான்."

"பம்பாயிலயும் ஆடு இருக்குமுங்க."

"மாப்பிள்ளையாத்துல ஒத்துக்க மாட்டா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தது. பிறகு அழுதது. எனக்கும் அந்தக் கமிட்டியிடம் ஒரு காரியம் இருந்தது. நான் அதுவரைக்கும் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்குகிற தாள் அந்தப் புதன்கிழமை கையெழுத்துக்குத்தான் காத்திருந்தது.

பொடிச் சீசாவில் மிச்சம் இருந்தது இரண்டு தடவைக்கு. திங்கட்கிழமை ஒரு தடவை செய்து பார்த்தோம். நான் அன்றைக்குக் கண்ணாடி கழுவின மாதிரி அதற்கு முன்னாலும் கழுவினதில்லை, பின்னாலும் கழுவினதில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்தால் கையில் குடுவை இருப்பதே தெரியாது. மத்தியானம் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, எழுந்து வெளியே போய்விட்டது. நான் எட்டிப் பார்த்தேன். கடுகு.

எனக்கு வந்த கோபத்துக்கு யாராவது ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேலாயுதன் படிக்கட்டில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, வெள்ளிக்கெழம நீ அலசி வெக்கற லச்சணத்துல கண்ணாடியெல்லாம் கெட்டுப்போச்சு. அந்த அழுக்குதான் திங்கக்கெழம வரைக்கும் நிக்குது. ஒரு முக்கு முக்கிக் கவுத்து வெச்சுட்டு பீடி குடிக்கப் போயர்ற. அந்தப் புள்ள பொழப்புல மண்ணப் போட்டுட்ட!"

அவன் பீடியை எடுக்காமலேயே பேசினான். "அக்கா, சண்டை வேண்டா. நான் அலசின நாளில் செல்லு ஜீவிச்சது. நீங்க அலசின நாளெல்லாம் செத்தது. இதில் ஆருடெ அலசல் மோசம்?"

வாய்க்கு வந்ததைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு வெள்ளி, திங்கள், செவ்வாய் என்று விரல் மடக்கிப் பார்த்தேன். அவன் சும்மா மடக்கிப் பேசினான், அவனுக்கே அது என்னவென்று தெரியாது. எனக்குத்தான் கணக்குச் சரியாக விழுந்தது.

"எந்திரி. நீ எப்படி அலசறேன்னு காட்டு."

காட்டினான். சோப்பு. குழாய்த் தண்ணீர். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒன்று, இரண்டு, மூன்று. கவிழ்த்தான். பீடியைத் தேடினான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். டாக்டரம்மா சொன்னது அத்தனைதானே?"

"கெணத்துத் தண்ணி?"

"கெணத்துத் தண்ணியோ? ஆரு போகும் அத்தனை தூரம்?"

கிணறு முப்பது அடி தூரத்தில் இருந்தது. அவன் சோம்பேறித்தனத்துக்கு அது காசி.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததும் மூன்று அலசல்தான். ஆனால் அந்த வடித்த தண்ணீர் எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. கொதித்து, ஆவியாகி, கண்ணாடிக் குழாயில் வேர்த்து, சொட்டுச் சொட்டாக விழுகிற தண்ணீர். தண்ணீரின் வேர்வை அது. வேர்வையில் அலசின பாத்திரத்தை அப்படியே கவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் எந்த ஏனமானாலும் கடைசியாக ஒரு தடவை நல்ல கிணற்றுத் தண்ணீர் விட்டு அலசித்தான் எடுப்போம். அதனால் மூன்றுக்குப் பிறகு நான்காவதாக, அந்த வளாகத்துக் கிணற்றில் இறைத்த தண்ணீர். செல்லை வடிகட்டுகிற துணி விறைத்துப் போகக் கூடாதென்று, நான் கழுவுகிற நாளெல்லாம் அதையும் ஒரு கிண்ணம் கிணற்றுத் தண்ணீரிலேயே ஊறப்போட்டு வைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. யாரிடமும் நான் சொல்லவும் இல்லை. சொன்ன வேலைக்கு மேலே செய்கிறோம் என்ற பெருமை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பருப்பு வைக்க வேண்டும். குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெள்ளையாகக் கல் கட்டும். குடிக்க மட்டும் அப்படி ருசி. பருப்புக்கு வாய்க்கால் தண்ணீர்தான் என்பது எனக்குப் பாவாடை கட்டின வயதிலிருந்து தெரியும். குடத்தை வாய்க்காலில் அமுக்கினபோதுதான், பருப்புக்கு ஆகாத தண்ணீரை ஏழு மாதமாக இருதயத்துக்கு ஊற்றியிருக்கிறேன் என்று புரிந்தது. குடம் நிறைந்து முழுகிப் போனது தெரியாமல் நின்றேன்.

பிள்ளைகளே, இனிமேல் வருவதுதான் உங்களுக்கு. அந்த நேரத்தில் எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. யாரிடமும் சொல்ல வேண்டாம். புதன்கிழமை மூன்று அலசலோடு நிறுத்திவிட்டால் போதும். செல் பிழைக்கும். ரூம் தங்கும். டாக்டரம்மா சிரிக்கும். என் தாளில் கையெழுத்து விழும். எவனுக்கும் நஷ்டமில்லை. இதைவிடச் சுத்தமான யோசனை உண்டா? ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓர் ஓட்டையும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டை தெரிந்தது. டாக்டரம்மா மேஜையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஏழு மாதமாக எழுதினதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தது. பொடியின் அளவு, தப்பு. சூடு, தப்பு. நேரம், தப்பு. அதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாம் சரியாகவே செய்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பெண் காலம் முழுக்கச் சரியானதை எல்லாம் அடித்துவிட்டு, பச்சைப் புடவையை நம்பிக்கொண்டிருக்கும்.

"அம்மிணி, அடிக்காதீங்க. தப்பு அதுல இல்லீங்க."

"பின்னே எதுல?"

"என்ற கையிலீங்க."

சொன்னேன். வேர்வை, கிணறு, துணி, பருப்பு எல்லாம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தது.

"எத்தனை நாளா?"

"நான் வந்த நாளா."

"ஏழு மாசமா?"

"ஏழு மாசமுங்க."

அறையில் ஆட்டுகிற மெஷின் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா எழுந்து போய் அதை நிறுத்தியது. என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அது பாட்டுக்குக் கிணற்றடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தது.

"பகவானே. சுண்ணாம்பு," என்றது. "கால்சியம். நான் ஒரு துளி கால்சியம் வந்துடப்படாதுன்னு ஒவ்வொரு உப்பா நிறுத்துப் போட்டுண்டிருக்கேன். நீங்க வாளி வாளியாக் கொண்டு வந்து அலசியிருக்கேள்."

இருதயம் அடிக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வெட்டிப் பிரித்த செல்லை முதலில் அது இல்லாத தண்ணீரில் வைத்திருப்பார்கள். அந்த நிலையில் திடீரென்று கொடுத்தால் ஒரே இழுப்பாக இழுத்துச் சுருண்டு செத்துப்போகும். பிறகு சொட்டுச் சொட்டாகப் பழக்கித்தான் கொடுக்க வேண்டும். பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி. நான் பட்டினிக்காரனுக்குக் கல்யாண விருந்து போட்டிருக்கிறேன்.

"நாளைக்கு மூணோட நிறுத்திடறனுங்க அம்மிணி. யாருக்கும் தெரிய வேண்டியதில்ல," என்றேன். அந்த யோசனையை என்னால் முழுசாக விட முடியவில்லை பாருங்கள்.

டாக்டரம்மா சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தது. ஒரு தடவைக்கான பொடி. "நாளைக்கு ஒண்ணு பிழைச்சா, அவா அதிர்ஷ்டம்னு சொல்லுவா. ஏழு மாசமா நானே அதைத்தானே சொல்லிண்டிருந்தேன். இதை ரெண்டாப் பிரிக்கப்போறேன். ஒரே இருதயம், ரெண்டு குடுவை. ஒண்ணை வேலாயுதன் அலசட்டும். இன்னொண்ணை நீங்க அலசணும்."

"மூணு தடவதானுங்களே?"

"நாலு. எப்பவும் பண்றாப்பலயே பண்ணணும். ஒண்ணும் குறைக்கப்படாது. துணியும் அந்தக் கிண்ணத்துலயே ஊறட்டும்."

"பொடி பாதிதானுங்களே இருக்கும்? ரெண்டும் செத்துட்டா?"

"செத்தா பம்பாய்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கழுவின குடுவை ஊரறியச் செல்லைக் கொல்ல வேண்டும். அந்தப் பீடிக்காரன் அலசினது பிழைக்க வேண்டும். அதுவும் கமிட்டிக்கு முன்னால், என் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு முன்னால். அதைவிட அது என்னை அடித்திருக்கலாம்.

புதன்கிழமை ராவுத்தர் இரண்டு ஆட்டைப் பார்த்து நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செக்போஸ்ட்டில் கட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டே காத்திருந்தார்கள். டாக்டரம்மா பச்சைப் புடவை கட்டியிருக்கவில்லை. ஏதோ ஒரு பழுப்பு. வேலாயுதனுக்குப் பயம் வந்து, அன்றைக்கென்று ஐந்தாறு தடவை தேய்த்துக் கழுவப் போனான். "டேய், எப்பவும் போலச் சோம்பேறியாவே செய்யடா!" என்று நான் கத்தின சத்தத்தில் தவளைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

என்னுடைய குடுவையை நான் குறைவைத்துக் கழுவவில்லை. மூன்று அலசி, கிணற்றுக்குப் போய், புதிதாக ஒரு வாளி இறைத்து, நான்காவதும் அலசினேன். வெயிலில் தூக்கிப் பார்த்தேன். வேலாயுதன் குடுவையில் ஒரு கைரேகைகூட இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எது வேண்டும் என்று கேட்டால் நீங்களும் என்னுடையதைத்தான் எடுத்திருப்பீர்கள்.

கமிட்டிப் பெரியவர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். கூட இரண்டு பேர், அவர் தலையாட்டினால் ஆட்டுவதற்கு. வெயிலில் வந்ததால் தண்ணீர் கேட்டார். நான் செம்பில் கொடுத்தேன். இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "நல்ல தண்ணீர். எங்கள் ஊரில் இப்படிக் கிடைக்காது," என்றார். டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தது.

முதலில் வேலாயுதன் குடுவையிலிருந்து ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். பெரியவர் குனிந்தார். கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கை தானாக மேஜையில் தாளம் போட்டது. ஒன்று, ஒன்று, ஒன்று. செல் அடிக்கிற கணக்கு அது. எனக்குத் தெரியும், நானும் அப்படிப் போட்டவள். பொடி பாதியாக இருந்தும் பிழைத்துவிட்டது.

"இனி இதையும் பாக்கணும் சார்," என்று டாக்டரம்மா என் குடுவைச் சொட்டை வைத்தது. "அதே இருதயம், அதே பொடி, அதே நேரம்."

பார்த்தார். "எல்லாம் செத்திருக்கிறதே. என்ன வித்தியாசம்?"

"கடைசியா அலசின தண்ணீர் சார்."

"யார் அலசினது?"

பெரியசார் தரையைப் பார்த்தார். வேலாயுதன் கதவுக்குப் பின்னால் போனான். டாக்டரம்மா வாயைத் திறந்தது. அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். எழுதி வைக்காதது என் தப்பு சார் என்று சொல்லி என்னை மூடி மறைத்துவிடும். அந்த ஏழு மாதத்தை எனக்காக இன்னொரு தடவை அது சுமக்க வேண்டுமா?

"நானுங்க," என்றேன். "நாந்தானுங்க அலசுனன். கெணத்துத் தண்ணி. யாரும் சொல்லாம நானாச் செஞ்சது."

"எந்தக் கிணறு?"

"நீங்க இப்ப ரெண்டு டம்ளர் குடிச்சீங்களே, அதே கெணறுதானுங்க."

பெரியவர் கை மேஜையை விட்டு மெல்ல எழுந்து நெஞ்சுக்குப் போனது. கூட வந்த இரண்டு பேரும் வழக்கப்படி தங்கள் நெஞ்சிலும் கை வைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது. குடிக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது சார், வெட்டிப் பிரித்த செல்லுக்குத்தான் ஆகாது என்று அதுவே பிறகு விளக்கிச் சொன்னது. அவர் நம்பினார். ஆனால் அடுத்து டீதான் கேட்டார்.

ரூம் தங்கியது. தவளைக்காரர்கள் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. பம்பாய் மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டார். என் தாளிலும் கையெழுத்து விழுந்தது. எதற்குப் போட்டாரோ, என் நேர்மைக்கோ, தன் நெஞ்சு பத்திரமாக இருந்த சந்தோஷத்துக்கோ, நான் கேட்கவில்லை. வேலாயுதன்தான் தாங்க முடியாத ஆளாகிவிட்டான். ஓய்வு பெறுகிற வரைக்கும் புதிதாக யார் வந்தாலும், "பொன்னாத்தா அக்காவுக்குக் கழுவச் சொல்லிக் கொடுத்தது நான்" என்பான். பொய் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பல மாதம் கழித்து டாக்டரம்மா எழுதினது அச்சில் வந்தது. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டி, "இது உங்க பேர்" என்றது.

"நல்லதுக்குப் போட்டிருக்கீங்களா, கெட்டதுக்கா?"

"ரெண்டுக்கும்."

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அதே தொட்டியில் கழுவினேன். நீங்கள் நல்ல பிள்ளைகள், நல்லதென்று நினைத்துச் சொன்னதற்கு மேலே ஏதாவது செய்வீர்கள். செய்யுங்கள். ஆனால் செய்ததைச் சொல்லிவிடுங்கள், அன்றைக்கே, வாயைத் திறந்து. சோம்பேறியின் தப்பு எல்லார் கண்ணிலும் படும். நம்மைப் போன்ற கெட்டிக்காரர்களின் தப்பு பளபளவென்று இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை எல்லோரும் போன பிறகு நான் என்னுடைய குடுவையிலிருந்த சொட்டை மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கடுகுக்கு நடுவில் ஒரு ஓரமாக ஒன்று மட்டும் இன்னும் செங்கல்லாக நின்றது. என் பெருமைக்கு அதுவாவது பிழைக்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு தடவை அடித்தது. பிறகு இரண்டு முனையிலிருந்தும் சுருண்டு சுருண்டு உருண்டையாகிவிட்டது.

எழுந்து போய்த் தொட்டியில் கிடந்த குடுவையை எடுத்தேன். சோப்பு, குழாய்த் தண்ணீர், பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. கை தானாக வாளிக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். ஈரம் சொட்டச் சொட்ட அப்படியே கவிழ்த்து வைத்தேன். கழுவி முடிக்காத பாத்திரம் மாதிரியே இருந்தது. ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.